மாமாவின் கடையில் தங்கிப்போன கடிதங்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் என் மாமா 2005 தொடக்கம் எட்டு வருஷம் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோகொபி, வெளிநாட்டு கோல், லெமினேட்டிங், அப்புறம் ஈமெயில். கடைக்கென்று ஒரே ஒரு ஈமெயில் முகவரிதான். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கட்டாரிலும் குவைத்திலும் இருந்த பிள்ளைகளுக்கு அந்த முகவரியைத்தான் கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு அப்போது வீட்டுக்கு வீடு தபால் வராது. தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர வேண்டும். கடைக்கு ஈமெயில் வந்தால் மாமா பிரின்ட் எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, ஸ்டேப்ளர் அடித்து வைத்திருப்பார். சம்பளம் போட்டபிறகு டவுனுக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அனுப்புகிறவர்களிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். சப்ஜெக்ட் வரியில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், யாருக்கு என்பதை எழுத வேண்டும். உள்ளே இருப்பதை வாசிக்காமலேயே யாருக்குக் கொடுப்பது என்று தெரிய அது போதும்.

போன மாசம் நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய தம்பி 2005 முதல் 2010 வரை டோஹாவில் வேலை செய்தவர். ஊருக்குத் திரும்பி வந்து, இப்போது காலமாகிவிட்டார். அவர் அனுப்பிய கடிதங்களின் பிரின்ட் எல்லாம் லயத்துக் கூரை ஒழுகி ஊறிப்போய்விட்டன. "அம்மா ஒவ்வொரு நாளும் கேக்குறாங்க தம்பி, உங்க மாமாகிட்ட இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. கடையை மூடியபோது மாமா கணினியை விற்றாலும் ஈமெயில் நிரலான தண்டர்பேர்டின் கோப்புறையை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார். அதில் 'இன்பொக்ஸ்' என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு கோப்பு, 1.3 ஜிபி. எட்டு வருஷத்துக் கடிதம் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய வெறும் எழுத்துக் கோப்பு. இந்த வடிவத்துக்கு எம்பொக்ஸ் என்று பெயர்.

தண்டர்பேர்டை நிறுவி அந்தக் கோப்பைத் திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால் முதலில் தெரிவது எல்லோருடைய கடிதங்களின் பட்டியல். ஹட்டனைச் சுற்றி இருநூறு குடும்பங்களாவது அந்த முகவரியை நம்பி எழுதியிருக்கும். அவர்களில் பலரை எனக்கு முகம் தெரியும். இந்த அக்காவுக்கு உரியதை மட்டும் எடுக்க வேண்டும், மற்றவர்களுடையது என் கண்ணில் படக்கூடாது. இதனால்தான் கட்டளை வரியில் செய்வதென்று தீர்மானித்தேன். கருவி வாசிக்கட்டும், நான் வாசிக்க வேண்டாம்.

அப்படித் தீர்மானித்தும் முதல் இரவே தவறு செய்தேன். கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தை யாரும் எழுத முடியாதபடி பூட்டிய வரைக்கும் சரி. பிறகு கோப்பில் வரி தேடும் கிரெப் என்ற கருவியை எடுத்து, தம்பியின் ஈமெயில் முகவரியைத் தேடச் சொல்லி, பொருந்திய வரிக்குப் பிறகு நாற்பது வரிகளையும் காட்டச் சொன்னேன். கிரெப்புக்குக் கடிதம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு வரிதான் தெரியும். தம்பியின் கடிதம் பதினைந்து வரியில் முடிந்துவிட, மிச்ச வரிகளில் அடுத்த கடிதம் ஏறி வந்துவிட்டது. யாரோ ஒரு மனைவிக்கு அவருடைய கணவர் எழுதியது. மூன்று வரி வாசித்த பிறகுதான் அது வேறொருவருடையது என்று உறைத்தது. திரையை அழித்துவிட்டு அன்றைக்கு வேலையை நிறுத்தினேன். அந்த மூன்று வரி இன்னும் மனதில் இருக்கிறது, இருக்கக்கூடாதது.

எம்பொக்ஸ் கோப்பிலிருந்து யாராவது கடிதம் எடுக்கப்போனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பொருந்திய வரியைச் சுற்றி இத்தனை வரி என்று ஒருபோதும் எடுக்காதீர்கள். கடிதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேடுங்கள்.

அந்த எல்லை எது? எம்பொக்ஸில் ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் ஒரு பிரிப்பு வரி இருக்கும். 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல், அதை அடுத்து ஓர் இடைவெளி. கடிதத்தின் தலைப்பகுதியில் அனுப்பியவரைக் காட்டும் 'ஃப்ரம்' வேறு, அதற்குப் பிறகு முக்காற்புள்ளி வரும். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில்தான் எல்லாம் நிற்கிறது. வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் கூரைக் குறியை (^) போட்டு, 'ஃப்ரம்', இடைவெளி என்று கிரெப்பிடம் கொடுத்து எண்ணிக்கையை மட்டும் கேட்டேன். 9,871 என்றது. ஆனால் கடிதத்துக்குள்ளேயே யாராவது ஒரு வரியை 'ஃப்ரம் டோஹா ஏர்போர்ட்' என்று தொடங்கியிருந்தால் அதையும் எண்ணிவிடும். சில நிரல்கள் அப்படிப்பட்ட வரிக்கு முன்னால் ஒரு கூர்க்குறி (>) போட்டுக் காப்பாற்றும், எல்லாம் செய்வதில்லை. தண்டர்பேர்டின் பிரிப்பு வரியில் 'ஃப்ரம்'முக்குப் பிறகு ஒரு சிறு கோடு, அப்புறம் கிழமையின் மூன்றெழுத்து, மாதம், தேதி, நேரம், வருஷம் என்று வரும். கோடும் கிழமையும் சேர்த்துக் கேட்டபோது 9,804. அறுபத்தேழு போலி எல்லைகள். எண்ணிக்கையை இரண்டு விதமாகக் கேட்டு ஒப்பிடுவது ஒரு நிமிஷ வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால் அறுபத்தேழு இடங்களில் கடிதங்கள் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும்.

கிரெப் நடுவில் 'இது இருமக் கோப்பு, பொருந்துகிறது' என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டால் பயப்பட வேண்டாம். பழைய எழுத்துருக் குப்பை ஏதாவது உள்ளே இருக்கும். 'ஏ' என்ற தெரிவைச் சேர்த்தால் எழுத்துக் கோப்பாகவே நடத்தும்.

எல்லை தெரிந்த பிறகு ஆக். ஆக் 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி, இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். நான் எழுதியது பத்து வரிக்குள்தான். அது செய்வதைக் கொழுந்து நிறுவையாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே போகிறது. அடுத்த பிரிப்பு வரி வந்ததும் கூடையை நிறுத்துப் பார்க்கிறது. இந்தக் கடிதத்தில் நான் கேட்ட அடையாளம் இருந்ததா? இருந்தால் முழுக் கூடையையும் புதிய கோப்பில் கொட்டுகிறது. இல்லாவிட்டால் வெறுமையாக்கி அடுத்ததைத் தொடங்குகிறது. உள்ளே இருந்தது எதுவும் திரைக்கு வருவதில்லை.

இதில் கடைசிக் கூடையை மறந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். கோப்பு முடிந்தபிறகு புதிய பிரிப்பு வரி வராது அல்லவா, அதனால் கடைசிக் கடிதம் நிறுக்கப்படாமல் கூடையிலேயே கிடந்துவிடும். ஆக்கில் எல்லாம் முடிந்தபின் ஓடும் பகுதி ஒன்று இருக்கிறது. அதே நிறுவையை அங்கேயும் ஒருமுறை எழுத வேண்டும். பத்துக் கடிதம் கொண்ட ஒரு சின்னக் கோப்பை நானே செய்து ஓட்டிப்பார்த்தபோது ஒன்பதுதான் வந்தது, அப்படித்தான் பிடிபட்டது. உண்மையான கோப்பில் ஓடியிருந்தால் ஒன்று குறைந்தது தெரிந்தே இருக்காது.

அடையாளத்தைத் தலைப்பகுதியில் மட்டும் தேடினேன். உடலில் தேடினால் யாரோ மேற்கோள் காட்டிய முகவரிக்கெல்லாம் பொருந்திவிடும். தலைப்பகுதி முதல் வெற்று வரியோடு முடியும். முதலில் என் ஆக் எந்த வெற்று வரியையும் காணவில்லை. மாமாவின் கணினி விண்டோஸ். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருந்தது, வெற்று வரி உண்மையில் வெறுமையாக இல்லை. எழுத்துகளை மாற்றும் செட் (sed) என்ற கருவியை வைத்து வரி முடிவிலிருந்த அந்த எழுத்தை நீக்கிய பிறகு சரியானது.

இன்னொன்று, நீண்ட தலைப்பு வரிகள் மடிந்து அடுத்த வரிக்குப் போகும். மடிந்த பாகம் இடைவெளியோடு அல்லது தாவலோடு (டேப்) தொடங்கும். சப்ஜெக்டில் தோட்டத்தின் பெயர் முதல் வரியிலும் டிவிஷன் இரண்டாவதிலும் இருந்தால் ஒரு வரியில் இரண்டையும் தேடுவது பலிக்காது. இடைவெளியில் தொடங்கும் தலைப்பு வரியை முந்தைய வரியோடு ஒட்டிவிட்டுத்தான் தேட வேண்டும். ஃபோர்மெயில் என்று ஒரு பழைய கருவி இருக்கிறது, புரொக்மெயிலோடு சேர்ந்து வரும். அதன் 'சி' தெரிவு இந்த ஒட்டும் வேலையைச் செய்யும், 'டி' பெரிய எழுத்துத் தெரிவு ஒவ்வொரு கடிதத்துக்கும் உரிய தனி அடையாளமான மெசேஜ் ஐடியைப் பார்த்து இரட்டைக் கடிதங்களைக் கழித்துவிடும்.

இனி யாரைத் தேடுவது என்ற கேள்வி. தம்பிக்குச் சொந்த முகவரி 2006இல்தான் வந்தது. அதற்கு முன்பு கூட வேலை செய்த நண்பரின் முகவரியிலிருந்து எழுதியிருக்கிறார். நண்பர் மஸ்கெலியாக்காரர், அவரும் தன் வீட்டுக்கு அதே முகவரியிலிருந்துதான் எழுதியிருப்பார். தம்பியின் முகவரியென்றால் எல்லாவற்றையும் எடு, நண்பரின் முகவரியென்றால் சப்ஜெக்டில் நம் தோட்டத்தின் பெயரும் இருந்தால் மட்டும் எடு என்று நிபந்தனையை இரண்டாகப் பிரித்தேன். தோட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். அதனால் முதலில் அந்த முகவரியிலிருந்து வந்தவற்றின் சப்ஜெக்டை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரே மாதிரியானவற்றை எண்ணிப் பார்த்தேன். சப்ஜெக்ட் கவரின் மேல் எழுதிய முகவரி மாதிரி. மாமா பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். ஒரே தோட்டத்துக்கு ஐந்து எழுத்துக்கூட்டல். ஐந்தையும் நிபந்தனையில் சேர்த்தேன்.

ஐம்பத்தெட்டுக் கடிதம் வந்தது. அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "கையில அடிபட்டப்ப வேற யாரோ மெயில்ல இருந்து தமிழ்லயே போட்டானே, அது இருக்கா?" அது இல்லை.

தமிழில் எழுதியதைத் தேடுவது தனி வேலை. ஈமெயில் தலைப்பில் ஆங்கில எழுத்து மட்டுமே போகும் என்பது பழைய விதி. தமிழ் சப்ஜெக்டை பெரும்பாலும் பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்புவார்கள். கோப்பில் பார்த்தால் 'நாலு, கே, ஆறு', 'நாலு, கே, கூட்டல் குறி' என்று திரும்பத் திரும்ப வரும். காரணம் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், பேஸ்64 மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றும். அதனால் தமிழ் மட்டும் தொடர்ச்சியாக இருக்கும்வரை ஒழுங்காகப் பொருந்தும். 'அம்மா' என்பதை மாற்றி வைத்துக்கொண்டு அந்த ஆங்கில எழுத்துகளையே கிரெப்பில் தேடினால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். நடுவில் ஒரு இடைவெளி வந்தால் போதும், அது ஒரே ஒரு பைட். அதற்குப் பிறகு எல்லாம் ஒரு படி நகர்ந்து, அதே சொல் வேறு உருவத்தில் வரும். இப்படி ஒரு சொல்லுக்கு மூன்று உருவம் உண்டு. போதாததற்கு தலைப்பில் மாற்றிய துண்டு ஒன்று 75 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். 'கி' என்பதே இரண்டு குறியீடு. பெயர் நடுவில் உடைந்து அடுத்த துண்டுக்குப் போய்விடும்.

இங்கே கிரெப்பையும் ஆக்கையும் வைத்து மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை. பைத்தன் என்ற நிரல்மொழியோடு வரும் ஈமெயில் தொகுதி இதையெல்லாம் அவிழ்த்துத் தரும். ஒரு எச்சரிக்கை: பைத்தனில் எம்பொக்ஸைத் திறக்கும் தொகுதியும் உண்டு, ஆனால் அது 'ஃப்ரம்', இடைவெளி என்று தொடங்கும் வரியைப் புதுக் கடிதமாக எடுத்துக்கொள்ளும். என் அறுபத்தேழு போலி எல்லைகள் மறுபடி வந்துவிடும். அதனால் ஆக்கை வைத்து ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாகப் பிரித்துக்கொண்டு, பைத்தனை ஒவ்வொன்றாக வாசிக்கவிட்டேன். சப்ஜெக்டை அவிழ்த்து, தோட்டத்தின் பெயரும் அம்மாவின் பெயரும் இரண்டும் இருந்தால் கோப்பின் எண்ணை மட்டும் எழுது, வேறெதையும் காட்டாதே என்று சொன்னேன்.

ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் பாமினி நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் தமிழில் எழுதியது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். அதில் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மாவின் பெயரைப் பாமினி விசைப்படி தட்டித் தேடினேன். பாமினியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்து, அதனால் எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவை இங்கே போடக்கூடாது. இரண்டு கடிதம் கிடைத்தன. ஒன்று கையில் அடிபட்ட வாரத்தியது.

பெரும்பாலானோர் மறந்துவிடுவது அனுப்பிய கடிதங்களை. 'சென்ட்' என்று இன்னொரு கோப்பு இருந்தது. அம்மா கடைக்கு வந்து சொல்லச் சொல்ல மாமா தட்டியவை. அனுப்பியவர் எல்லாவற்றிலும் கடைதான், எனவே பெறுநர் வரியில் தேட வேண்டும். பத்தொன்பது இருந்தன. இவற்றையும் வந்தவற்றையும் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்கியபோது சில பதில்கள் கேள்விக்கு முன்னால் வந்து நின்றன. நேர வலயத்தைக் கவனிக்காமல் எழுதிய நேரத்தை அப்படியே ஒப்பிட்டிருந்தேன். டோஹா உலக நேரத்துக்கு 3 மணி முன்னால். இலங்கை 2006 ஏப்ரல் 15 வரை 6 மணி முன்னால் இருந்து, அன்றிலிருந்து ஐந்தரைக்குத் திரும்பியது. ஆக 2005 கடிதங்களுக்கும் 2007 கடிதங்களுக்கும் இடையில் டோஹாவுக்கும் ஹட்டனுக்குமான தூரமே அரை மணி மாறியிருக்கிறது. தேதியை உலக நேரத்துக்கு மாற்றிவிட்டு அடுக்குங்கள்.

பிரிப்பு வரியில் இருக்கும் நேரம் வேறு, அது தண்டர்பேர்ட் கடிதத்தை இறக்கிய நேரம். தம்பி எழுதியவை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். கடைக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலை, மாமா டயல்-அப் லைனைப் போட்டபோது. போட்டோக்கள் கடிதத்துக்குள்ளேயே பேஸ்64ஆகக் கிடந்தன, ரிப்மைம் என்ற கருவி அவற்றை ஒரே கட்டளையில் பிரித்துத் தந்தது.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தண்டர்பேர்டில் ஒரு கடிதத்தை அழித்தால் அது கோப்பிலிருந்து போய்விடுவதில்லை. தலைப்பகுதியில் மொஸில்லா ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் நாலு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் அழித்ததாக அடையாளம் இட்டது என்று அர்த்தம். பதினாறடிமான எண் என்பதால் எழுத்திலும் முடியலாம். கோப்பைச் சுருக்கும் கட்டளையைக் கொடுக்கும்வரை கடிதம் அங்கேயே கிடக்கும். மாமா ஒருபோதும் சுருக்கவில்லை. யாராவது "இதை அழிச்சிருங்க" என்று கேட்டால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுவார். அவர் அறிந்தவரை அழிந்துவிட்டது. இதைச் சொன்னபோது மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதையெல்லாம் இப்ப எடுத்துரு" என்றார். ஆக்கின் நிபந்தனையை மாற்றி, அழித்ததாகக் குறித்தவற்றை விட்டுவிட்டுப் புதிய கோப்பு எழுதினேன். அதை ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியில் பூட்டி, கடவுச்சொல்லை மாமாவிடம் கொடுத்தேன். மூலத்தை மட்டும் அக்காவின் வேலை முடியும்வரை வைத்திருந்தேன்.

ஏனென்றால் தம்பியின் அறுபது கடிதங்களில் ஒன்று அழித்ததாகக் குறித்திருந்தது. 2008 ஜூன். அதன் தேதியையும் அந்த ஸ்டேட்டஸ் வரியையும் மட்டும் பார்த்தேன். அக்கா வந்ததும் மற்ற ஐம்பத்தொன்பதையும் அம்மாவின் பத்தொன்பதையும் பிரின்ட்டாகவும் பென் டிரைவிலும் கொடுத்துவிட்டு, அம்மா வெளியே நின்ற நேரம் பார்த்து, அந்தத் தேதியைச் சொன்னேன். அழிக்கச் சொன்ன கடிதம் ஒன்று இன்னும் இருக்கிறது, நான் வாசிக்கவில்லை, வேண்டுமா, அல்லது நிஜமாகவே அழித்துவிடவா என்று கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் அழிக்கச் சொன்னேன் தம்பி. அது எனக்கு எழுதுனது. அம்மாகிட்ட வேணாம்" என்றார். "எனக்கு மட்டும் தாங்க."

பிரின்டரைக் கவிழ்ந்த முகமாகக் காகிதம் வரும்படி வைத்தேன். ஒரே பக்கம். எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, ஸ்டேப்ளர் அடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகு மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழித்து, அதன் மேல் வேறு தரவு எழுதி முடித்தேன்.